விரலும் வீக்கமும்

"விரலுக்கேத்த வீக்கம் வேணும்." கடன் தாங்காமல் ஒரு குடும்பம் ராத்திரியோடு ராத்திரியாக ஊரைவிட்டு ஓடினாலோ, ஒருவர் மருந்தைக் குடித்தாலோ, அந்த வீட்டு வாசலில் முதலில் வந்து விழுகிற சொல் இதுதான். அழுகைகூட அப்புறம்தான் வருகிறது. இதை எதிராளி சொன்னால் ஒரு பதிலைச் சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கலாம். நம்ம தோழர்களே சொல்கிறபோது தலையங்கம் எழுத வேண்டியதாகிறது.

சென்ற மாதம் நடந்த வாசகர் கூட்டத்தில், கடன் வசூல் கொடுமைகளைப் பற்றி ஒரு சிறப்புப் பகுதி கொண்டுவரலாம் என்று பேச்சு வந்தது. களத்தில் நிற்பவர்கள், வழக்குகளைச் சுமப்பவர்கள், கல்லூரி மாணவர்கள் என்று எல்லோரும் இருந்த கூட்டம். ஒரு தோழர் சொன்னார்: "ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கடன் வாங்குனவங்களப் பத்தி எழுதுங்க, சரி. சடங்குக்கு மண்டபம் புடிச்சவன், தவணையில பைக் எடுத்தவன், இவங்களுக்கெல்லாம் எதுக்குத் தோழர் அனுதாபம்? நம்ம சனம் திருந்தாது." சிலர் தலையாட்டினார்கள். மறுத்தவர்களும் மென்று விழுங்கித்தான் மறுத்தார்கள். இதழின் சார்பில் அந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்வது அவசியம் என்று படுகிறது. வரவுக்கு மேல் செலவு செய்து மாட்டிக்கொண்டவர்கள் நம் பரிவுக்கு உரியவர்களா, இல்லையா?

நான் வங்கியில் குமாஸ்தா. பகலெல்லாம் கவுண்டரில் உட்கார்ந்து மற்றவர்கள் பணத்தை எண்ணுகிறவன். அங்கே உட்கார்ந்து நான் படித்த முதல் பாடம், கடனுக்கு இரண்டு மொழி உண்டு என்பது. பெரிய கணக்கு திணறினால் அதற்குப் பெயர் நெருக்கடி, சந்தைச் சரிவு, மறுசீரமைப்பு. சின்னக் கணக்கு திணறினால் ஊதாரித்தனம், பேராசை, பொறுப்பின்மை. முதலாவது வானிலை அறிக்கை மாதிரி ஒலிக்கும். இரண்டாவது போலீஸ் ஸ்டேஷன் மாதிரி ஒலிக்கும். தோழரின் கேள்வி இந்த இரண்டாவது மொழியில் கேட்கப்பட்டது என்பதுதான் என் சங்கடம்.

அதிகச் செலவு என்று சொல்ல ஒரு அளவு வேண்டும். எதைவிட அதிகம்? வருமானத்தைவிட என்று உடனே பதில் வரும். ஆனால் நம் விஷயத்தில் அந்த அளவுகோல் வருமானத்தோடு நின்றதே கிடையாது. கையில் காசு இருந்து செலவு செய்தபோதும் அது குற்றமாகத்தான் பார்க்கப்பட்டது.

1930 டிசம்பரில் இராமநாதபுரம் பகுதியில் ஆதி திராவிடர்கள் மீது ஆதிக்கச் சாதியினர் எட்டுத் தடைகளை விதித்தார்கள். ஹட்டன் தன் சாதி பற்றிய நூலில் இவற்றைப் பதிவு செய்திருக்கிறார். தங்கமும் வெள்ளியும் அணியக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே துணி உடுத்தக் கூடாது. சட்டை, பனியன் போடக் கூடாது. மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் வைத்துக்கொள்ளக் கூடாது. பெண்கள் மேலாடை போடக் கூடாது, பூ வைக்கக் கூடாது. குடை, செருப்பு கூடாது. இந்தப் பட்டியலை மறுபடி ஒருமுறை படித்துப் பாருங்கள். ஏறக்குறைய முழுவதும் கடையில் காசு கொடுத்து வாங்குகிற சாமான்களின் பட்டியல்.

1936இல் அச்சான 'சாதியை அழித்தொழித்தல்' உரையில் அம்பேத்கர் இந்தூர் பகுதி பலாய் மக்கள் மீது 1928இல் விதிக்கப்பட்ட கட்டளைகளைச் சொல்கிறார். அங்கேயும் சரிகைக் கரைத் தலைப்பாகையும் தங்க வெள்ளி நகைகளும் தடைக்குள் வருகின்றன. அதே உரையில் ஜெய்ப்பூர் சமஸ்தானத்துச் சக்வாரா கிராமம் வருகிறது. தீர்த்த யாத்திரை போய்வந்த ஒரு தீண்டப்படாதவர் தன் சனத்தைக் கூப்பிட்டு விருந்து வைத்தார். விருந்தில் நெய் பரிமாறினார். சாதி இந்துக்கள் நூற்றுக்கணக்கில் தடிகளோடு வந்து சோற்றைப் பாழாக்கி, சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களை அடித்து விரட்டினார்கள். அந்த நெய் சொந்தக் காசில் வாங்கியதா, கடனில் வாங்கியதா? அடித்தவர்கள் அதைக் கேட்கவில்லை. அவர்களுக்கு அது தேவையும் இல்லை.

பழைய கதை என்று தள்ளிவிட முடியாது. 1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியங்குளத்தில் புகுந்த காவல்துறை, வெளிநாட்டில் உழைத்து அனுப்பிய பணத்தில் வாங்கிய டி.வி.யையும் தையல் மெஷினையும் தேடித்தேடி உடைத்தது. சான்றிதழ்களைக்கூட விட்டுவைக்கவில்லை. 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி மாவட்டத்தில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி சேரிகளில் 250க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டு எரிந்தன. பெங்களூரிலும் திருப்பூரிலும் கூலி வேலை செய்து சேர்த்த பைக்கும் பீரோவும் அதில் போயின. அந்தக் காலத்தில்தான் நம் பையன்களின் ஜீன்ஸும் கூலிங் கிளாஸும் மேடை போட்டுக் கண்டிக்கப்பட்டன.

ஆக, விரல் இவ்வளவுதான் இருக்கலாம் என்று முதலில் வெட்டி வைத்துவிட்டு, பிறகு வீக்கத்தை அளக்க வருகிறார்கள். 'தகுதிக்கு மீறிய செலவு' என்று ஒரு தோழர் சொல்லும்போது, தகுதி என்ற சொல்லுக்குள் இந்த எட்டுத் தடைகளும் ஒளிந்துகொண்டிருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுத்தான் பேச வேண்டும்.

இனி வரவுக்கு வருவோம். வரவுக்குள் வாழச் சொல்கிறார்கள். வரவைத் தீர்மானிப்பது யார்? கூலியாகக் கொஞ்சம் நெல் கூடக் கேட்டு, சங்கமாகத் திரண்டு நின்றதற்கு 1968 டிசம்பர் 25 இரவு வெண்மணியில் 44 பேரை எரித்தார்கள். வரவைக் கூட்டக் கேட்டால் நெருப்பு. கேட்காமல் இருந்தால் சிக்கனத்தைப் பற்றி உபதேசம்.

நம்முடைய கடன் பலருக்குத் தேவையாக இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். பண்ணையில் படியாளாகக் கட்டுண்டவர்கள் பலர் எப்படிக் கட்டுண்டார்கள்? கல்யாணத்துக்கு ஆண்டை கொடுத்த கடனில்தான். பெருந்தன்மையாகக் கொடுத்த மாதிரி இருக்கும். புருசன், பொண்டாட்டி, பிறக்கப்போகிற பிள்ளை என்று மொத்தமாக எழுதி வாங்கியதாக அர்த்தம். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது. செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் இன்றைக்கும் முன்பணம் கொடுத்துத்தான் ஆள் பிடிக்கிறார்கள். விழுப்புரம், கடலூர்ப் பக்கம் போய்ப் பாருங்கள். வீட்டில் விசேஷமோ சாவோ வந்து கை நெரியும் நேரம் பார்த்து மேஸ்திரி வருவார். "எவ்வளவு வேணும்னாலும் வாங்கிக்க" என்பார். எவ்வளவு அதிகம் செலவு செய்கிறோமோ அவ்வளவு சீசனுக்கு நாம் அவருக்குச் சொந்தம். மேற்கு மாவட்ட மில்களில் 'சுமங்கலித் திட்டம்' என்று பெயர் சூட்டி, கல்யாணச் செலவைக் காட்டியே இளம் பெண்களை வருடக்கணக்கில் அடைத்து வேலை வாங்கினார்கள். ஊதாரித்தனம் என்று ஊர் சொல்வதை முதலாளி தன் கணக்கில் ஆள் பிடிக்கும் செலவாக எழுதிக்கொள்கிறார்.

இப்போது மேஸ்திரியோடு குழுக் கடன் கம்பெனியும் சேர்ந்துகொண்டது. ரிசர்வ் வங்கி 2022இல் கொண்டுவந்த நுண்கடன் விதிகள், இந்தக் கம்பெனிகளின் வட்டிக்கு இருந்த உச்சவரம்பை எடுத்துவிட்டன. ஒரு குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதிவரை கடன் தவணையாகப் போகலாம் என்பதும் அதே விதிகளில் உண்டு. மாதம் பன்னிரண்டாயிரம் சம்பாதிக்கிற குடும்பம் ஆறாயிரத்தைத் தவணை கட்டிவிட்டு, மிச்ச ஆறாயிரத்தில் அரிசி, வாடகை, பஸ், பள்ளிக்கூடம், மருந்து எல்லாவற்றையும் முடித்துக்கொள்ள வேண்டும். இது ஒழுங்கான கடனாம். பருப்பு வாங்கிய கை அதிகம் செலவு செய்த கையாம்.

செலவுக்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். எங்கள் கிளைக்கு வரும் அக்கா ஒருவர், சித்தாள் வேலை பார்ப்பவர், நகைக்கடனைத் திருப்பி மறு அடகு வைக்க வந்திருந்தார். கையில் ஒரு காலண்டர் தாள். பின்பக்கம் பள்ளிக்கூடப் பிள்ளையின் கையெழுத்தில் அவருடைய கடன்கள். மாமியார் சாவுச் செலவு, தண்டல். பையனின் பாலிடெக்னிக் ஃபீஸ், குழுக் கடன். மழையில் விழுந்த சுவர், மேஸ்திரியிடம் முன்பணம். 2020இல் பள்ளிக்கூடம் போனுக்குள் போய்விட்டபோது வாங்கிய போன், அதை அடைக்க இன்னொரு கடன். மகள் சடங்கு, நகை அடகு.

வரிசையில் பின்னால் நின்ற ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சடங்குக்கு மண்டபம் இல்லேன்னு யாரும்மா அழுதா?"

அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என்னிடம்தான் சொன்னார்: "எங்க தெருவுல பந்தல் போட்டா தாய்மாமன் சீர் மெயின் ரோட்டு வழியா மேளத்தோட வரணும் தம்பி. வர விடமாட்டாங்க. போன தடவ எங்க சொந்தத்துல தட்டத் தட்டி விட்டு அடிதடி ஆயிப்போச்சு. மண்டபம்னா காசு குடுத்தாக் கதவத் தொறப்பான். அங்க எம் பொண்ணு நிம்மதியா உக்காந்து எந்திரிச்சா."

அந்தத் தாளில் எந்த வரியை அடிக்கச் சொல்லலாம், தோழர்களே? மண்டப வாடகை என்று எழுதியிருக்கும் தொகை, ரோட்டில் நடக்க முடியாததற்கு அந்தக் குடும்பம் கட்டிய அபராதம். அந்த ரோட்டைத் திறந்துவிடாத நாம் அந்தச் செலவைக் குறை சொல்வது எப்படி?

இன்னொன்றையும் அந்த அக்கா சொன்னார். வந்த மொய்யில் பாதிக் கடன் அடைந்துவிட்டது, மீதிதான் நிற்கிறது. மொய் நோட்டு என்பது ஏழையின் பாஸ்புக். இன்றைக்கு நான் போட்டது நாளைக்கு எனக்கு வரும். விசேஷமே செய்யாதவனுக்கு மொய் வராது. அவசரத்துக்குக் கைமாற்றுக் கொடுக்கவும் ஆள் இருக்காது. புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் ஆடி மாதம் மொய் விருந்து நடக்கிறது. கிடா வெட்டி, பேனர் வைத்து, லட்சக்கணக்கில் வசூலாகும். பத்திரிகைகள் அதைப் பண்பாடு என்றும் கிராமத்து வங்கி என்றும் படத்தோடு போடுகின்றன. அதே கணக்கைச் சேரியில் போட்டால் ஊதாரித்தனம்.

சரி, கடினமான கேள்விக்கு வருகிறேன். இந்த அக்காவைப் போல ஒவ்வொரு வரிக்கும் காரணம் சொல்ல முடியாத ஆளும் இருக்கிறான். குடித்தான். சூதாடினான். தேவையே இல்லாமல் பெரிய பைக் எடுத்து ஆறு மாதத்தில் பறிகொடுத்தான். அவனுக்கும் பரிவா?

ஆம், அவனுக்கும்தான். இங்கே தயங்கினால் இதுவரை சொன்ன எல்லாம் வீண். நல்ல ஏழை, கெட்ட ஏழை என்று பிரித்து, நல்ல ஏழைக்கு மட்டும் இரக்கம் காட்டுவது தர்மகர்த்தா வேலை. நம் வேலை அது இல்லை. அவனுக்குச் சாராயம் விற்று, 2023-24இல் மட்டும் 45 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் வருவாய் பார்த்தது அரசு. வருமானச் சான்று கேட்காமல் பைக் கொடுத்தது தவணைக் கம்பெனி. கொடுத்தவனின் பேராசையை யாரும் விசாரிப்பதில்லை. அவன் பொண்டாட்டியும் பிள்ளைகளும் அந்தச் செலவில் ஒரு காசு அனுபவிக்கவில்லை, ஆனால் வசூல் ஆள் வந்து நிற்பது அவர்கள் வாசலில். அவன் செய்தது சரி என்று நான் சொல்லவில்லை. தப்புச் செய்தவன் அதிலிருந்து எழுந்துவர ஒரு வழி வேண்டும் என்கிறேன். அந்த வழி உலகத்தில் இல்லாத ஒன்றும் இல்லை. பணக்காரர்களுக்கு அது ராஜபாட்டையாகவே போடப்பட்டிருக்கிறது.

2023 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் அரசே கொடுத்த கணக்கு: 2014-15 முதல் ஒன்பது நிதியாண்டுகளில் வங்கிகள் தங்கள் ஏட்டிலிருந்து நீக்கிய வாராக்கடன் 14.56 லட்சம் கோடி ரூபாய். அதில் பாதிக்குச் சற்று மேல், 7.40 லட்சம் கோடி, பெருந்தொழில் மற்றும் சேவை நிறுவனங்களுடையது. ஏட்டிலிருந்து நீக்குவதும் தள்ளுபடியும் ஒன்றல்ல என்பது வங்கிக்காரனான எனக்குத் தெரியும். நீக்கிய பிறகும் வசூலிக்கலாம். அப்படி அந்த ஒன்பது ஆண்டுகளில் வசூலானது சுமார் 2.04 லட்சம் கோடி. மிச்சத்துக்காக எந்த முதலாளியின் வீட்டு வாசலிலும் யாரும் பாய் விரித்து உட்காரவில்லை.

கம்பெனிகள் திவாலானால் எழுந்து நிற்க 2016இல் ஒரு சட்டம் வந்தது. கடன் கொடுத்தவர்கள் விட்டுக்கொடுக்கும் தொகைக்கு அந்த வட்டாரத்தில் 'முடிவெட்டு' என்று பெயர். வீடியோகான் வழக்கில் 2021 ஜூனில் ஏற்கப்பட்ட திட்டத்தில் கடன் கொடுத்தவர்கள் 95 சதவீதத்துக்கும் மேல் இழக்க வேண்டியிருந்தது. இது முடிவெட்டா மொட்டையா என்று தீர்ப்பாயமே கேட்டது. மேல்முறையீட்டில் 2022 ஜனவரியில் அந்தத் திட்டம் ரத்தானது வேறு விஷயம். சட்டத்தின் பார்வையைக் கவனியுங்கள். அகலக் கால் வைத்தாயே, ஆசைப்பட்டாயே என்று அது கம்பெனியைக் கேட்பதில்லை. இனி என்ன செய்யலாம் என்றுதான் கேட்கிறது.

பலருக்குத் தெரியாத செய்தி ஒன்று உண்டு. அதே 2016ஆம் ஆண்டுச் சட்டத்துக்குள் ஏழைகளுக்கும் ஒரு கதவு இருக்கிறது. அதற்குப் 'புதிய தொடக்கம்' என்று பெயர். ஆண்டு வருமானம் 60,000 ரூபாய்க்கு மேல் போகாத, சொத்து 20,000க்கு மேல் இல்லாத, சொந்த வீடு இல்லாத ஒருவர், 35,000 ரூபாய் வரையிலான கடனிலிருந்து சட்டப்படி விடுபட விண்ணப்பிக்கலாம் என்கிறது அது. எவ்வளவு சின்னத் தொகை பாருங்கள். அந்தப் பகுதி இன்றுவரை நடைமுறைக்குக் கொண்டுவரப்படவில்லை. கம்பெனிகளின் கதவு 2016லேயே திறந்தது. நம் கதவு சுவரில் வரைந்த படமாக நிற்கிறது. நமக்கு மிச்சம் இருப்பது 1920ஆம் வருடத்துத் திவால் சட்டமும், அதைச் சொல்லி ஊர் சிரிக்கிற 'மஞ்சக் கடுதாசி' கேலியும்தான்.

கதவு இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதைத் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகம் 2017 அக்டோபர் 23இல் பார்த்தது. வாங்கியதைவிடக் கூடுதலாகவே கட்டிவிட்டோம் என்று திரும்பத் திரும்ப மனுக் கொடுத்த ஒரு கூலித் தொழிலாளி குடும்பம், குழந்தைகளோடு அங்கேயே தீக்குளித்தது. கந்துவட்டித் தடைச் சட்டம் 2003லேயே இருந்தது. கட்டாய வசூலைக் குற்றமாக்கி 2025இல் தமிழ்நாடு இன்னொரு சட்டம் இயற்றியிருக்கிறது. வரவேற்போம், பயன்படுத்துவோம். ஆனால் அது வசூல் ஆளின் வாயை அடக்கும். கடனின் கணக்கை முடிக்காது.

அப்படியானால் நம் சனத்தின் செலவைப் பற்றி நாம் பேசவே கூடாதா? பேசலாம், பேச வேண்டும். பரிசம் கொடுத்துப் பெண் எடுத்த நம் சாதிகளுக்குள் வரதட்சணை புகுந்துவிட்டது. பவுன் கணக்குப் பேசுகிற மாப்பிள்ளை வீட்டாரில் இயக்கத்துக்காரர்களும் உண்டு. இதை எதிர்ப்போம். எதிர்க்கும் காரணம் முக்கியம். அது பெண்ணை விலைப்பொருளாக்குகிறது, ஆதிக்கச் சாதியின் வழக்கத்தை நம் வீட்டுக்குள் குடிவைக்கிறது, அதனால் எதிர்க்கிறோம். 'இது உன் வசதிக்கு மேல்' என்பது நம் வாதமாக இருக்க முடியாது. தலைவர்களின் பிறந்தநாளுக்குப் பையன்கள் கைக்காசைப் போட்டு பிளக்ஸ் வைப்பதைக் கண்டுகொள்ளாமல், அவர்கள் அக்கா சடங்குக்கு மண்டபம் பிடிப்பதை மட்டும் கண்டிக்கும் அறமும் நமக்கு வேண்டாம்.

சில வேலைகளை இந்த இதழ் முன்வைக்கிறது. ஒவ்வொரு கிளையிலும் இரண்டு மாணவர்கள், கடன் அட்டையும் தவணைத் தாளும் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். வட்டி எவ்வளவு, காப்பீடு என்று பிடித்தது எவ்வளவு, இன்னும் எத்தனை தவணை பாக்கி என்று அந்தப் பெண்களுக்குத் தமிழில் எழுதிக் கொடுங்கள். நானும் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து சொல்லித் தருகிறேன். வசூல் ஆள் வரும் நேரத்தில் ஒரு தோழர் அந்தத் திண்ணையில் சும்மா உட்கார்ந்திருந்தால்கூடப் போதும், பேச்சின் தோரணை மாறும். 'புதிய தொடக்கம்' பகுதியை உடனே நடைமுறைப்படுத்தவும், பத்தாண்டு பழசாகிவிட்ட அந்த வரம்புகளை உயர்த்தவும் கேட்டு ஒரு கோரிக்கையை அடுத்த மாநாட்டுத் தீர்மானங்களில் சேர்க்க வேண்டும்.

கடன் பற்றிய சிறப்புப் பகுதி அடுத்த இதழில் வருகிறது. உங்கள் ஊரில் கடனால் வீட்டைப் பூட்டிக்கொண்டு போனவர்கள் யார், யாரிடம் என்ன வட்டிக்கு வாங்கினார்கள், எதற்காக வாங்கினார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று விசாரித்து எழுதுங்கள். பெயர் வேண்டாம், கணக்கு வேண்டும். பைக் எடுத்தவனையும் விட்டுவிடாமல் எழுதுங்கள்.